அம்மா மடி என்ற விதிவிலக்கு

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. இன்று கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். இப்போது நேரம் இல்லையென்றால் சேமித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் படியுங்கள்.

வகுப்பில் கேட்பதுபோல ஒரு கேள்வி. ஓடும் காரில் ஒரு வயதுக் குழந்தைக்கு எந்த இடம் பாதுகாப்பானது? நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் "அம்மா மடி". அதிலும் முன் சீட்டில், ஏசி காற்று நன்றாக வருகிற இடத்தில், கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு.

இதே பதிலை 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றமும் சொன்னது. சொன்னதோடு நிற்கவில்லை, சட்டத்திலேயே எழுதி வைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே சட்டமன்றம் அந்த வரியை நீக்கியது. இடையில் நடந்தது என்ன, அந்த வரி ஏன் உள்ளே வந்தது, ஏன் வெளியே போனது என்பதுதான் இன்றைய பதிவு. மாநிலத்தின் பெயர் டென்னசி. அதற்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காரில் குழந்தைகளுக்கென்று தனி சீட் என்பது 1930-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா இருக்காமல் ஏறி இறங்கித் தொல்லை கொடுக்கும் குழந்தையை ஒரு இடத்தில் உட்கார வைக்க வேண்டும், கொஞ்சம் உயரத்தில் வைத்தால் அது வெளியே வேடிக்கை பார்க்கும், ஓட்டுகிறவருக்கும் கண் முன்னால் இருக்கும். அவ்வளவுதான் நோக்கம். 1940-களில் வந்தவை இரும்புக் கம்பிச் சட்டத்தில் கித்தான் துணி கட்டியவை. பெரியவர்கள் உட்காரும் சீட்டின் முதுகில் இரண்டு கொக்கிகளால் மாட்டிவிடுவார்கள். சிலவற்றில் குழந்தை விளையாட ஒரு பொம்மை ஸ்டீயரிங்கூட உண்டு. நம் ஊரில் சைக்கிளின் முன் கம்பியில் மாட்டும் கூடை சீட் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே மாதிரி. கார் எதன் மீதாவது மோதினால் கொக்கி கழன்று, குழந்தையும் சீட்டும் சேர்ந்து முன்னால் பறக்கும்.

பெரியவர்களுக்கு விடிவு முதலில் வந்தது. 1959-ல் சுவீடனின் வால்வோ நிறுவனம், நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. இன்று நாம் "டக்" என்று மாட்டுகிறோமே, அதே பெல்ட்தான். அதற்கு முன் போலின் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கு, விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். மனித உடம்பு எவ்வளவு வேக மாற்றத்தைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. கார் கம்பெனிகளின் வரலாற்றில் நான் மனதார மதிக்கும் சில காரியங்களில் இது ஒன்று.

ஆனால் அந்தப் பெல்ட் குழந்தைக்கு ஆகாது. பெரியவர்களுக்கு அது இடுப்பெலும்பிலும் தோளெலும்பிலும் பிடிக்கிறது. சிறு குழந்தைக்கோ கழுத்திலும் வயிற்றிலும் பிடிக்கும். பச்சிளம் குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. நமக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவே மாறியிருக்காது. குழந்தை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் சட்டென்று நின்றால், உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், கனமான தலை மட்டும் முன்னால் போகும். அதைத் தாங்க வேண்டியது அந்தப் பிஞ்சுக் கழுத்து.

1960-களின் தொடக்கத்தில் வெவ்வேறு நாடுகளில் சிலர் ஒரே நேரத்தில் இதைப் பற்றி யோசித்தார்கள். பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவின் டென்வர் நகரில் லெனார்ட் ரிவ்கின் ஆகிய இருவரும் 1962 வாக்கில் குழந்தையை உண்மையாகவே பிடித்து நிறுத்தும் சீட்டுகளை வடிவமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் மூன்றாமவர். சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர், பிறகு சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அமெரிக்காவின் ஜெமினி விண்வெளி வீரர்கள் எப்படி உட்கார்ந்து போகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். விசை எந்தப் பக்கம் வருமோ அதற்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருக்கிறார்கள். முதுகு முழுவதும் விசையைப் பங்கிட்டுக்கொள்கிறது. குழந்தையையும் அப்படியே வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி, பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டின் முதல் மாதிரி 1964-ல் வால்வோ காரில் வைத்துச் சோதிக்கப்பட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கைக்குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது இந்தத் திசைதான். சுவீடனில் நான்கு வயதுவரைகூட அப்படியே உட்கார வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் பழைய இயற்பியல் வாத்தியாருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். கரும்பலகை இல்லை, மனக்கணக்காகவே போடலாம்.

கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் ஊர்ப் புறவழிச்சாலையில் இதை வேகம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். 54 என்றால் நொடிக்கு 15 மீட்டர். எதிரே ஒரு புளியமரம். மோதும்போது கார் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது. நொடிக்கு 15 மீட்டர் என்ற வேகம் 0.1 நொடியில் பூஜ்யமானால், வேகக் குறைவு 150. புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 10. ஆக, பதினைந்து மடங்கு. அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 150 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். இது சராசரிக் கணக்கு. உச்சத்தில் இன்னும் கூடும். அரிசி மூட்டைக் கணக்கில் சொன்னால் 25 கிலோ சிப்பம் ஆறு. அதைப் பத்தில் ஒரு நொடியில், முன்னறிவிப்பு இல்லாமல், இரண்டு கைகளால் பிடிக்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது பாதிக் கணக்கு. மீதிப் பாதிதான் கொடுமையானது. பெல்ட் போடாத தாயும் அதே நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் முன்னால் போகிறார். அவர் 60 கிலோ என்றால் பதினைந்து மடங்கு 900 கிலோ. முன்னால் டேஷ்போர்டு, பின்னால் தாயின் உடம்பு, நடுவில் குழந்தை. இந்த இரண்டாவது கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டென்னசி கதையில் இது திரும்ப வரும்.

(இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 54 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய பதினொன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் நாம் குழந்தையை அங்கே விடுவோமா?)

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1960-களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் "டாட் கார்டு" என்றும் ஜெனரல் மோட்டார்ஸ் "லவ் சீட்" என்றும் குழந்தை சீட்டுகளைக் கொண்டுவந்தன. 1968 முதல் அமெரிக்காவில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் சீட் பெல்ட் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1971-ல் குழந்தை சீட்டுகளுக்கும் அரசுத் தர நிர்ணயம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தர நிர்ணயத்தில் மோதல் சோதனை கிடையாது. சீட்டை மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள், தாங்கினால் தேர்ச்சி. 1972-ல் "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" இதழ் உண்மையான மோதலைப் போன்ற சோதனையை நடத்தியபோது, அரசு விதியில் தேறியிருந்த சீட்டுகளிலேயே பல தோற்றுப்போயின. நிஜ மோதலைப் போன்ற சோதனை விதியில் ஏறி நடைமுறைக்கு வந்தது 1981 ஜனவரியில்தான். பத்து வருடம். பாடத்திட்டம் மாற்றுவதில் நாம்தான் மெதுவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீட் இருந்தும் வாங்குவார் இல்லை. வாங்கினாலும் மாட்டுவார் இல்லை. கட்டாயம் என்று எந்த மாநிலத்திலும் சட்டம் இல்லை. இங்கேதான் குழந்தை மருத்துவர்கள் உள்ளே வருகிறார்கள்.

1950-களுக்குப் பிறகு அமெரிக்காவில் போலியோ போன்ற நோய்களைத் தடுப்பூசி விரட்டிக்கொண்டிருந்தது. குழந்தை மருத்துவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தபோது, தாங்கள் காப்பாற்றிய குழந்தைகளைச் சாலை கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த சீமோர் சார்ல்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1965-ல் வாகனப் பாதுகாப்புக்காக மருத்துவர்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அவரும் ஆன்மரி ஷெல்னஸ் என்பவரும் சேர்ந்து 1975-ல் "பீடியாட்ரிக்ஸ்" மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை முக்கியமானது. நாட்டின் சாலைகளில் புறக்கணிக்கப்பட்ட சிறுபான்மையினர் என்று அதில் கார்க் குழந்தைகளைக் குறிப்பிட்டார்கள். வாக்குரிமை இல்லாத சிறுபான்மை. அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் யார் போய் நிற்பது?

போய் நின்றவர் ராபர்ட் சாண்டர்ஸ். டென்னசி மாநிலத்தின் தலைநகர் நாஷ்வில். அங்கிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் மர்ஃபிரீஸ்பரோ என்ற ஊர். அது இருக்கும் ரதர்ஃபோர்டு கவுண்டியின் பொது சுகாதாரத் துறைக்கு இயக்குநர் சாண்டர்ஸ். நம் ஊர்க் கணக்கில் மாவட்ட சுகாதார அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை மருத்துவர். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். மாநிலக் குழந்தை மருத்துவர் சங்கத்தில் விபத்துத் தடுப்புக் குழுவின் பொறுப்பு அவரிடம் இருந்தது. இப்படிப்பட்ட குழுக்களின் வேலை பொதுவாக ஆண்டுக்கு ஒரு அறிக்கை எழுதுவதோடு முடிந்துவிடும். இவர் அதைச் சட்டமாக்கியே தீருவது என்று இறங்கினார். மனைவி பேட் சாண்டர்ஸ் கூடவே நின்றார்.

1976-ல் முதல் முயற்சி தோற்றது. எதிர்ப்புக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. என் குழந்தையை என் காரில் எப்படி உட்கார வைப்பது என்று எனக்குச் சொல்ல அரசாங்கம் யார்? ஏழைகள் சீட் வாங்கக் காசுக்கு எங்கே போவார்கள்? நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான்கு சீட் வைத்தால் மற்றவர்கள் எங்கே உட்காருவது? இவற்றில் முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லாமல் தாண்டிப்போக முடியாதவை.

சாண்டர்ஸ் தம்பதி அடுத்த முறைக்குத் தயாரானார்கள். மாநிலம் முழுவதிலும் உள்ள குழந்தை மருத்துவர்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு உறுப்பினரிடமும் அவரவர் ஊர் மருத்துவர் பேச வேண்டும் என்பது திட்டம். இதன் சூட்சுமம் அரசியல் தெரிந்தவர்களுக்குப் புரியும். தலைநகரத்தில் யாரோ ஒரு நிபுணர் சொல்வதை உறுப்பினர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடலாம். சொந்தத் தொகுதியில், தன் வீட்டுக் குழந்தைகளுக்கே ஊசி போட்ட டாக்டர் கூப்பிட்டுப் பேசினால் அப்படி விட முடியாது.

1977-ல் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ரே பிளாண்டன் கையெழுத்திட்டார். 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் கொண்டுபோகும் பெற்றோர், தரமான குழந்தை சீட்டில் அதை வைக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் டென்னசி. அபராதம் 2 டாலரிலிருந்து 10 டாலர் வரை. கடுமையான சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. மேலும் அது பெற்றோருக்கும் சட்டப்படியான பாதுகாவலருக்கும், அவர்களுடைய சொந்த வண்டிக்கும் மட்டும்தான். தாத்தா பாட்டி தங்கள் காரில் கூட்டிக்கொண்டு போனால் கேள்வி இல்லை. தாத்தாக்களுக்குச் சலுகை கொடுப்பதில் அமெரிக்கா, இந்தியா என்ற பேதம் இல்லை போலும்.

ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மசோதா நிறைவேற வேண்டுமென்றால் ஒரு திருத்தத்தை ஏற்க வேண்டியிருந்தது. குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையிலோ மடியிலோ வைத்திருந்தால் சீட் தேவையில்லை என்பதே அந்தத் திருத்தம்.

அழுகிற குழந்தையைத் தாய் தூக்கக் கூடாதா, பசிக்கிற குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாதா என்ற இரக்கத்தில் பிறந்த திருத்தம் அது. தாயின் கையைவிடப் பத்திரமான இடம் உண்டா என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. சாண்டர்ஸ் அதற்கு வைத்த பெயர் "குழந்தையை நசுக்கும் திருத்தம்". மேலே போட்ட இரண்டாவது கணக்கு இப்போது நினைவுக்கு வருகிறதா? அந்த 900 கிலோ. நசுக்கும் என்பது அலங்காரச் சொல் இல்லை, இயந்திரவியல்.

ஆனாலும் சாண்டர்ஸ் அந்தத் திருத்தத்தோடு சட்டத்தை ஏற்றுக்கொண்டார். இந்த முடிவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கொள்கைவாதியாக இருந்தால், ஓட்டைச் சட்டம் வேண்டாம், முழுச் சட்டம் கொடு, இல்லையென்றால் போ என்று எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் 1978-ல் டென்னசியில் எந்தச் சட்டமும் இருந்திருக்காது. கிடைத்ததை வாங்கிக்கொண்டார், ஆனால் அதோடு வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை.

சட்டம் வந்த பிறகு என்ன ஆனது? சட்டத்துக்கு முன் டென்னசி நகரங்களில் சிறு குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். மூன்றாவது ஆண்டில் ஏறக்குறைய பத்தில் மூன்று என்ற அளவுக்கு வந்தது. பக்கத்து மாநிலமான கென்டக்கியில் சட்டம் இல்லை, அங்கே பெரிய மாற்றமும் இல்லை. ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால் இது தெரிந்தது. ஒரு பக்கம் பார்த்தால் மும்மடங்கு உயர்வு. இன்னொரு பக்கம் பார்த்தால் பத்தில் ஏழு குழந்தைகள் இன்னும் கட்டப்படாமல் போகிறார்கள். மடி என்ற வழி திறந்திருக்கும்போது போலீஸ்காரர் யாரை நிறுத்தி என்ன கேட்பார்?

ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் பதில் தேடினார்கள். கிடைத்த பதில் இரவல் சீட். மருத்துவமனைகளும் சேவை அமைப்புகளும் குழந்தை சீட்டுகளை வாங்கி வைத்து, பிரசவம் முடிந்து போகும் தாய்மார்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்து, குழந்தை வளர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நூலகப் புத்தகம் மாதிரி. கைக்குழந்தை சீட் ஓராண்டுக்கு மேல் ஆகாது என்பதால் இது நன்றாகப் பொருந்திய ஏற்பாடு. நம் ஊரில் தொட்டிலும் நடைவண்டியும் சொந்தக்காரர் வீடுகளில் சுற்றி வருமே, அதை ஒழுங்குபடுத்திச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1981-ல் மடி விதிவிலக்கு நீக்கப்பட்டது. ஒரு முழுச் சட்டம் நான்கு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் மற்ற மாநிலங்களும் விழித்துக்கொண்டிருந்தன. 1985-க்குள் 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் குழந்தை சீட் சட்டம் வந்துவிட்டது. பூஜ்யத்திலிருந்து ஐம்பதுக்கு எட்டு ஆண்டுகள்! சாண்டர்ஸுக்கு "டாக்டர் சீட் பெல்ட்" என்று பட்டப்பெயர் வந்தது. 2006-ல் தன் 78-வது வயதில் காலமானார்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களா? பெரியவர்கள் சீட் பெல்ட் போட வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டது நியூயார்க், 1984-ல். அதாவது குழந்தைச் சட்டத்துக்கு ஏழு ஆண்டுகள் பின்னால். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 டிசம்பரிலேயே சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. உலகில் அதுதான் முதல். அமெரிக்காவில் மட்டும் ஏன் தலைகீழ் வரிசை? தனிமனித உரிமை என்ற சொல்லுக்கு அங்கே இருக்கும் எடைதான் காரணம் என்பது என் கருத்து. வளர்ந்த மனிதன் தன் உயிரைப் பணயம் வைப்பது அவன் பாடு என்று சொல்லிவிடலாம். பேசவே தெரியாத குழந்தையின் உயிரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இன்றுவரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெரியவர்களுக்கு சீட் பெல்ட் கட்டாயம் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயம். உரிமை எங்கே முடிந்து பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த மாநிலம் பிறந்த தேதியை வைத்துக் கோடு போட்டிருக்கிறது.

சட்டம் வந்ததோடு கதை சுபம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1990-களில் ஏர்பேக் பரவலானது. பெரியவர்களின் உயிரைக் காத்த அந்தக் காற்றுப்பை, முன் சீட்டில் இருந்த குழந்தைகளைக் கொன்றது. கண் இமைப்பதற்குள் விரிகிற பை அது. பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை முன்னால் வைத்தால், குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் அது வெடித்து விரியும். பெரிய சேதம் இல்லாத சின்ன மோதல்களில்கூட இப்படி நடந்தது. அமெரிக்காவில் குழந்தைகள் பலர் இறந்த பிறகு, ஏர்பேக்கின் வேகத்தைக் குறைக்கும்படி விதிகள் திருத்தப்பட்டன. குழந்தைகள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்ற பிரசாரம் தீவிரமானது. உங்கள் காரில் முன் சீட்டுக்கு மேலே உள்ள வெயில் மறைப்பை இறக்கிப் பாருங்கள். குழந்தை சீட்டின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம் ஒன்று இருக்கும். அந்தப் படத்தின் பின்கதை இதுதான்.

இன்னொரு ஓட்டை நான்கு வயதுக்கு மேல். குழந்தை சீட்டை மீறி வளர்ந்துவிட்ட பிள்ளையை, நேராகப் பெரியவர்களின் பெல்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள். சட்டமும் அதைத்தான் அனுமதித்தது. 1996-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆண்டன் என்ற நான்கு வயதுச் சிறுவன் அப்படித்தான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். விபத்தில் பெல்ட் அவனைப் பிடிக்கவில்லை, காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தான். அவன் தாய் சட்டப்படி நடந்துகொண்டவர். சட்டம் போதவில்லை. அவர் போராடியதில் 2000-ஆம் ஆண்டு அந்த மாநிலம், பிள்ளையைச் சற்று உயர்த்திப் பெல்ட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் "பூஸ்டர்" சீட்டைக் கட்டாயமாக்கியது. 2002-ல் மத்திய அரசு இயற்றிய சட்டத்துக்கு அந்தச் சிறுவனின் பெயரே வைக்கப்பட்டது. வால்வோ 1978-லேயே பூஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பொருள் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் சட்டம் அதைக் கேட்டதற்கும் நடுவே இருபது ஆண்டுக்கு மேல்.

பிரிட்டனில் 2006 முதல் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட். வயதோடு உயரத்தையும் கணக்கில் எடுத்த விதி என்பதால் எனக்கு அது பிடிக்கும். பெல்ட்டுக்குப் பிறந்தநாள் தெரியாதே.

இனி நம் நாடு. இந்தியாவில் புதுக் கார்களில் முன் சீட் பெல்ட் 1994-லும் பின் சீட் பெல்ட் 2002-லும் கட்டாயமாயின. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு வந்தது 2019-ல். மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு. 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வண்டியில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். 2022-ல் இரு சக்கர வாகனங்களுக்கும் விதி வெளியிட்டார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பட்டை, அதற்கேற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். அறிவிப்பு வந்து ஓராண்டு கழித்து அமலுக்கு வரும் என்றார்கள். அமலுக்கு வந்ததைச் சாலையில் எங்காவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

2022 செப்டம்பரில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார், பின் சீட், பெல்ட் போடவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் நாடு முழுக்கப் பின் சீட் பெல்ட் பற்றிப் பேசினோம். அந்த ஓராண்டில் மட்டும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் இல்லை, உடன் பயணம் செய்தவர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் நட்சத்திரம் தருகிறார்கள். ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் செய்த பொம்மைகளை வைத்து மோதிப் பார்க்கிறார்கள். கார் வாங்கும்போது மைலேஜைக் கேட்கிறோம், இதையும் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனம். அந்தப் பொம்மைகள் குழந்தை சீட்டில் கட்டப்பட்டுத்தான் நட்சத்திரம் வாங்குகின்றன. மடியில் உட்காரும் குழந்தைக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். விலை அதிகம் என்பீர்கள். ஆமாம், நல்ல சீட் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கனமான செலவுதான். ஆனால் காரின் அலங்காரத்துக்கு, சீட் கவருக்கு, பாட்டுப் பெட்டிக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டென்னசியின் இரவல் முறையை நம் ரோட்டரி, அரிமா சங்கங்கள் தாராளமாகச் செய்யலாம். வைத்தால் குழந்தை அழுகிறது என்பீர்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கும்தான் அழுதது. ஐந்து பேர் காரில் எட்டுப் பேர் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோமே, சீட்டுக்கு இடம் எங்கே என்பீர்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இரண்டு வண்டியில் போங்கள் என்பதைத் தவிர.

கடைசியாக ஒரு சட்ட நுணுக்கம், பலர் கவனிக்காதது. டென்னசி சட்டம் பெற்றோரைப் பொறுப்பாக்கியது. நம் 194பி பிரிவு வண்டியை ஓட்டுகிறவரையும் ஓட்டச் செய்கிறவரையும்தான் பொறுப்பாக்குகிறது. அதாவது கால் டாக்ஸியில் ஏறி, மடியில் பேரனை வைத்துக்கொண்டு, "பக்கத்துலதான் தம்பி, சீக்கிரம் போங்க" என்று நாம் சொன்னால், 1,000 ரூபாய் ரசீது அந்த ஓட்டுநர் தம்பியின் பெயருக்கு வரலாம்.

சொந்த அனுபவங்கள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குழந்தை சீட்டைக் காரில் பொருத்துவது பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள், கார் மாடலையும் குழந்தையின் எடையையும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நம் நண்பர் வட்டத்தில் வாகனத் துறையில் இருப்பவர்கள் சிலர் உண்டு, அவர்கள் பதில் சொல்வார்கள்.